மரத்தில் இருக்கும் மருந்தை ஆய்வகத்தில் ஏன் செய்ய வேண்டும்?

சரவாக் காட்டு மரத்தில் எச்ஐவி மருந்து, வீட்டுத் தோட்டத்துச் செடியில் புற்றுநோய் மருந்து என்ற செய்திகள் நம் புலனக் குழுக்களில் அடிக்கடி சுற்றுகின்றன. நன்கு படித்தவர்களுக்கும் இரண்டு சந்தேகங்கள் வருகின்றன. மரத்திலேயே மருந்து இருக்கிறது என்றால் இலையை அரைத்துக் கொடுத்துவிடலாமே? இயற்கை ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் பொருளை மறுபடியும் குடுவையில் செய்ய ஒரு வேதியியலாளர் ஏன் பல ஆண்டுகளைச் செலவழிக்கிறார்?

இரண்டுக்கும் விடை ஒன்றுதான். மரத்தில் ஒரு பொருள் இருப்பது வேறு. அது வேண்டிய அளவில், வேண்டிய தூய்மையில், ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் கைக்குக் கிடைப்பது வேறு. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான கண்டுபிடிப்புகள் நின்றுபோகின்றன. இதைக் கடக்க உதவும் துறைக்கு முழுத்தொகுப்பு என்று பெயர். கடையில் வாங்கக்கூடிய எளிய வேதிப்பொருள்களில் தொடங்கி, ஒவ்வொரு பிணைப்பாகக் கட்டி, இயற்கையில் உள்ள அதே மூலக்கூறை அணுவுக்கு அணு அப்படியே உருவாக்குவது இதன் வேலை. நம் மலேசிய நாட்டு மரம் ஒன்றின் கதையிலிருந்து தொடங்கினால் இது எளிதில் விளங்கும்.

லுண்டு காட்டு மரம்

1987-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்காக சரவாக்கின் லுண்டு பகுதியில் தாவர மாதிரிகள் சேகரிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று பிந்தாங்கோர் வகை மரம். தாவரவியல் பெயர் கலோஃபில்லம் லானிஜெரம். கடலோரத்தில் நாம் பார்க்கும் புன்னையும் இதே பேரினம்தான். பினாங்கில் ஜார்ஜ்டவுன் எழுந்த முனைக்குத் தஞ்சோங் பெனாகா என்ற பழைய பெயர் வந்ததும் அங்கே நின்ற புன்னை மரங்களால்தான்.

அந்த மாதிரியின் சாறு, எச்ஐவி தொற்றிய செல்களைச் சோதனைக் குழாயில் காப்பாற்றியது. சாற்றைப் பிரித்துப் பிரித்துப் போனதில் காலனோலைட் ஏ என்ற பொருள் கிடைத்தது. ஆய்வறிக்கை 1992-இல் வெளிவந்தது. எச்ஐவி தன் ஆர்என்ஏ-வை டிஎன்ஏ-வாக மாற்றப் பயன்படுத்தும் நொதியை இது தடுக்கிறது.

கூடுதல் மாதிரி எடுக்கத் திரும்பிப் போனபோது அந்த மரம் இல்லை, வெட்டப்பட்டிருந்தது. அதே இனத்தின் வேறு மரங்களைச் சோதித்தார்கள். சிலவற்றில் காலனோலைட் ஏ மிகச் சொற்பமாக இருந்தது, சிலவற்றில் இல்லவே இல்லை. ஒரே இனமாக இருந்தாலும் மண், வயது, மரபு வேறுபாடு ஆகியவற்றால் ஒரு மரம் செய்யும் வேதிப்பொருளை இன்னொரு மரம் செய்யாமல் போகலாம். இயற்கைப் பொருள் ஆய்வில் இது அரிதான விபத்தே இல்லை, வழக்கமாக நடப்பது.

உறவு மரமான கலோஃபில்லம் டைஸ்மான்னியையில் காலனோலைட் பி கணிசமாகக் கிடைத்தது. மரத்தைச் சீவிப் பால் எடுத்தாலே போதும், வெட்ட வேண்டியதில்லை. ஆனால் அதன் வீரியம் ஏ-யைவிடச் சற்றுக் குறைவு. ஏ வேண்டுமானால் ஆய்வகத்தில் செய்வதைத் தவிர வேறு நம்பகமான வழியில்லை என்பது தெளிவாயிற்று. 1993-இலேயே முதல் முழுத்தொகுப்பு வெளிவந்தது. 1996-இல் சரவாக் அரசும் அமெரிக்காவின் மெடிகெம் நிறுவனமும் கூட்டாக சரவாக் மெடிகெம் நிறுவனத்தை அமைத்தன. மனிதர்களிடம் நடந்த ஆரம்பக்கட்டச் சோதனைக்கான மருந்து காட்டிலிருந்து வரவில்லை, தொகுப்பு வழியிலிருந்தே வந்தது. காலனோலைட் ஏ இன்றுவரை மருந்தாகச் சந்தைக்கு வரவில்லை. ஆனாலும் சோதனை வரைக்குமாவது அது போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் தொகுப்புதான்.

தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு சொற்கள்

1. பின்னோக்குப் பகுப்பு. இலக்கு மூலக்கூறைத் தாளில் வரைந்து, எந்தப் பிணைப்பை வெட்டினால் எளிய துண்டுகள் கிடைக்கும் என்று கடைசியிலிருந்து முதலுக்கு யோசிப்பது. இதை ஒழுங்கான முறையாக வகுத்ததற்காக அமெரிக்க வேதியியலாளர் இ.ஜே. கோரி 1990-இல் நோபல் பரிசு பெற்றார்.

2. கைம்மை மையம். நான்கு வெவ்வேறு தொகுதிகள் ஒட்டிய கார்பன் அணு. இது ஒவ்வொன்றும் இரண்டு விதமாக அமையலாம். மூன்று மையம் இருந்தால் 8 வடிவங்கள் வரை வரலாம், ஒன்பது இருந்தால் 512. காலனோலைட் ஏ-யில் மூன்று, பின்னால் நாம் பார்க்கப்போகும் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தில் ஒன்பது.

3. ஆடிப்பிம்ப இணை. எல்லா மையங்களும் எதிர்மாறாக அமைந்த இரட்டை. இடது கால் செருப்பு வலது காலில் ஏறாதது போல, நொதியின் பள்ளத்தில் ஒன்றுதான் பொருந்தும். ஒளியைத் திருப்பும் திசையை வைத்து இவற்றுக்குப் பிளஸ், மைனஸ் என்று பெயர். காலனோலைட் ஏ-யின் பிளஸ் வடிவம் எச்ஐவி-யைத் தடுக்கிறது, மைனஸ் வடிவம் தடுப்பதில்லை. இரண்டும் சரிபாதியாக உள்ள கலவைக்கு ரசீமிக் கலவை என்று பெயர்.

4. பகுதித்தொகுப்பு. தாவரத்தில் தாராளமாகக் கிடைக்கும் பாதி முடிந்த மூலக்கூறை எடுத்து மீதியை ஆய்வகத்தில் முடிப்பது. டாக்சால் என்ற புற்றுநோய் மருந்து நடைமுறையில் இந்த வழியில் வந்தது. யூ மரத்தின் பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். ஊசியிலைகளிலிருந்து எடுத்த முன்பொருளைக் கொண்டு செய்தால் மரம் மீண்டும் தழைக்கும்.

காலனோலைட் ஏ: ஒரு வழி, ஐந்து படிகள்

22 கார்பன், 26 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன் கொண்ட இந்த மூலக்கூறின் நடுவே ஒரு பென்சீன் வளையம் இருக்கிறது. அதைச் சுற்றி மூன்று ஆக்சிஜன் வளையங்கள் ஒட்டியிருக்கின்றன. நடுவளையத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று ஆக்சிஜன்கள் இருப்பதைக் கவனித்தால் தொடக்கப் பொருள் தானாகவே தெரிந்துவிடும். அது ஃபுளோரோகுளுசினால், அதாவது மூன்று ஹைட்ராக்சில் (ஓஎச் தொகுதி) தாங்கிய பென்சீன். விலை குறைவு, எளிதில் வாங்கலாம்.

1. முதல் வளையம். ஃபுளோரோகுளுசினாலை எத்தில் பியூட்டிரைல் அசிட்டேட்டுடன் அமிலத்தில் சூடாக்கினால் கூமரின் வளையம் உருவாகும். இது பெக்மன் வினை. தொடக்கப் பொருள் முழுச் சமச்சீர் உடையது என்பதால் எந்த ஆக்சிஜன் வினைபட்டாலும் ஒரே விளைபொருள்தான். ஐந்து படிகளில் இதுவே கவலையில்லாத படி.

2. பக்கத்தொகுதி. அலுமினியம் குளோரைடு உதவியுடன் மூன்று கார்பன் கொண்ட அசைல் தொகுதியை வளையத்தின் 8-ஆம் இடத்தில் ஒட்ட வேண்டும் (வளையத்தின் இடங்களை வேதியியலாளர்கள் எண்ணிட்டுக் குறிப்பார்கள்). சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 6-ஆம் இடமும் ஏறத்தாழ அதே அளவு ஆர்வத்தோடு வினைபுரியும். வெப்பநிலை, வினைப்பொருளின் அளவு, சேர்க்கும் வேகம் இவற்றில் கை தவறினால் 6-இல் ஒட்டியது, இரண்டிலும் ஒட்டியது, வினைபுரியாதது எல்லாம் சேர்ந்த குழம்புதான் மிஞ்சும். அதைப் பிரிப்பதிலேயே விளைச்சலில் பெரும்பகுதி போய்விடும்.

3. இரண்டாம் வளையம். டைமீத்தைல் குரோமீன் வளையத்தைக் கட்ட 6-ஆம் இடம் மட்டுமே மிச்சம் இருக்கிறது. அதன் இரு பக்கமும் ஒவ்வொரு ஹைட்ராக்சில் உண்டு. எதோடு வளையம் மூடும்? 7-ஆம் இடத்து ஹைட்ராக்சிலை முந்தைய படியில் ஒட்டிய அசைல் தொகுதியில் உள்ள கீட்டோன் ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே 5-ஆம் இடம்தான் முன்வரும். படிகளின் வரிசையை இவ்வளவு கவனமாக அமைப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றினால் இந்தக் காப்பு கிடைக்காது.

4. மூன்றாம் வளையம். அசிட்டால்டிஹைடு தரக்கூடிய பொருளைச் சேர்த்து, 7-ஆம் இடத்து ஆக்சிஜனையும் கீட்டோனின் பக்கத்துக் கார்பனையும் இணைத்து வளையத்தை மூட வேண்டும். அடுத்தடுத்த கார்பன்களில் இரண்டு மீத்தைல் தொகுதிகள் வந்து அமரும். இவை எதிரெதிர்ப் பக்கம் நோக்க வேண்டும். ஒரே பக்கம் நோக்கும் வடிவமும் கூடவே உருவாகும் என்பதால் பிரித்தெடுத்தல் தேவை.

5. கடைசி ஹைட்ராக்சில். கீட்டோனை சோடியம் போரோஹைட்ரைடால் ஆல்கஹாலாக மாற்ற வேண்டும். சீரியம் குளோரைடும் சேர்த்தால் ஹைட்ரைடு பெரும்பாலும் விரும்பிய பக்கத்திலிருந்து வரும். எதிர்ப்பக்கமாக வந்தால் காலனோலைட் ஏ-க்குப் பதில் பி-யின் அமைப்பு உருவாகும். இரண்டுக்கும் வேறுபாடு இந்த ஒரே கார்பன்தான்.

இத்தனை செய்த பின்னும் கிடைப்பது ரசீமிக் கலவை. கைம்மை உள்ள நிரப்பியைக் கொண்ட எச்பிஎல்சி (கலவைகளைப் பிரிக்கும் கருவி) கம்பத்தில் ஓட்டி இரண்டு வடிவங்களையும் பிரித்தார்கள். பாதிப் பொருள் பயனற்றதாகப் போகும். தொடக்கத்திலிருந்தே ஒரே வடிவத்தை மட்டும் தரும் வழிகளும் பின்னர் வந்தன. அவற்றில் படிகள் கூடும், விலையுயர்ந்த கைம்மை வினைப்பொருள்களும் தேவைப்படும். பாதியை இழக்கும் குறுகிய வழி சில சமயம் செலவில் சிக்கனமாக இருந்துவிடும். அழகான வழி எது, மருந்து கொடுக்கக்கூடிய வழி எது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பெரும்பாலும் ஒரே பதில் வருவதில்லை.

விளைச்சல் கணக்கு

ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பொருள் போகும். ஒரு படியில் 90 விழுக்காடு கிடைத்தால் எந்த ஆய்வகத்திலும் மகிழ்ச்சிதான். ஆனால் படிகள் ஒன்றன்பின் ஒன்றாக நீளும்போது விழுக்காடுகள் பெருக்கப்படுகின்றன.

படிக்கு 90 விழுக்காடு, 20 படிகள்: கடைசியில் சுமார் 12 விழுக்காடு.
படிக்கு 80 விழுக்காடு, 20 படிகள்: சுமார் 1 விழுக்காடு.
படிக்கு 90 விழுக்காடு, 40 படிகள்: ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு.

இதற்கு மாற்று, மூலக்கூறை இரண்டு துண்டுகளாகத் தனித்தனியே கட்டிப் பிறகு இணைப்பது. ஒன்பது ஒன்பது படிகளில் இரண்டு துண்டு, இணைப்பும் முடிப்புமாக இன்னும் இரண்டு படி என்று வையுங்கள். மொத்தம் அதே 20 படிகள். ஆனால் ஒரு துண்டு கடக்கும் நீளம் 11 படிகள்தான். படிக்கு 90 விழுக்காடு என்றால் கடைசியில் 31 விழுக்காடு நிற்கும். 12 எங்கே, 31 எங்கே! இந்தத் துறையில் ‘நீண்ட நேர்வரிசை’ எத்தனை என்று முதலில் கேட்பது இதனால்தான். மொத்தப் படிகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்லும் செய்தி பாதித் தகவலைத்தான் தருகிறது.

கோலாலம்பூர் ஈரமும் வெப்பமும்

பாடநூல் செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு ஆய்வகங்களில் எழுதப்பட்டவை. அதே செய்முறை பந்தாயிலோ பினாங்கு மின்டெனிலோ உள்ள நம் பல்கலைக்கழக ஆய்வகங்களில் தோற்றுப்போகும்போது மாணவர்கள் தங்கள் திறமையைச் சந்தேகிக்கிறார்கள். பல நேரங்களில் காரணம் காற்றிலும் குழாய்த் தண்ணீரிலும் இருக்கிறது.

1. கரைப்பானில் ஈரம். பியூட்டைல் லித்தியம் போன்ற வினைப்பொருள் நீரைக் கண்ட மாத்திரத்தில் அழியும். ஒரு மில்லிமோல் அளவு வினையை முழுவதும் கொல்ல 18 மில்லிகிராம் நீர் போதும், அதாவது அரைத் துளிக்கும் குறைவு. 20 மில்லிலிட்டர் டிஎச்எஃப் கரைப்பானில் 0.05 விழுக்காடு நீர் இருந்தாலே சுமார் 9 மில்லிகிராம் ஆகிறது. பாதி வினைப்பொருள் அங்கேயே போய்விட்டது. 300 டிகிரியில் வெற்றிடத்தில் சூடாக்கிய 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடையைக் கரைப்பானின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு போட்டு இரண்டு மூன்று நாள் வைத்தால் தேவையான வறட்சி கிடைக்கும். சூடாக்காத சல்லடை ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கும், போட்டும் பயனில்லை.

2. குளிரும்போது உள்ளே இழுக்கும் காற்று. உலர்பனியும் அசிட்டோனும் கலந்த தொட்டியில் குடுவையை வைத்தால் அது மைனஸ் 78 டிகிரிக்குப் போகும். அறை வெப்பத்திலிருந்து அந்த அளவுக்குக் குளிரும் வாயு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கும். வினைபுரியாத ஆர்கான் வாயுவைத் தரும் குழாய் திறந்திருக்கவில்லை என்றால் ரப்பர் மூடியின் ஊசித்துளை வழியாக வெளிக்காற்றை, அதாவது ஈரத்தை, குடுவை தானே இழுத்துக்கொள்ளும். ஆர்கான் அழுத்தம் நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே தொட்டியில் இறக்க வேண்டும். பலமுறை குத்திய மூடியை நீண்ட வினைகளுக்குப் பயன்படுத்தவே கூடாது.

3. ரோட்டவாப்பில் குழாய்த் தண்ணீர். கரைப்பானை ஆவியாக்கி நீக்கும் இந்தக் கருவியில் ஆவி மீண்டும் திரவமாகக் குளிர்ந்தாக வேண்டும். நம் குழாய்த் தண்ணீரே 28 டிகிரியை ஒட்டி இருக்கிறது. டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியில் கொதிக்கும், ஈதர் 35-க்குச் சற்று முன்பே கொதிக்கும். அழுத்தத்தைக் குறைத்த பிறகு இவற்றை 28 டிகிரித் தண்ணீர் பிடித்து வைக்காது. ஆவி பம்ப் வழியாக வெளியேறி, பம்பையும் கெடுத்து, அறைக் காற்றிலும் கலக்கும். 5 டிகிரியை ஒட்டிக் குளிர்விக்கும் சுழற்சிக் கருவி இங்கே வசதிக்கான பொருளில்லை, அடிப்படைத் தேவை.

4. பிரிபுனலில் ஈதர். பிற்பகலில் குளிரூட்டி நின்றுபோன அறையில் ஈதரைக் குலுக்கினால் உடனே அழுத்தம் ஏறும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பிறகு அடைப்பானைத் திறந்து விட வேண்டும், இல்லையென்றால் மூடி தெறிக்கும். பல இடங்களில் எத்தில் அசிட்டேட்டுக்கு மாறிவிடுவதே நல்லது.

5. அலுமினியம் குளோரைடு. காலனோலைட் வழியின் இரண்டாம் படிக்கு இது வேண்டும். திறந்து சில நாள் ஆன புட்டியில் கட்டி தட்டி, மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை வந்தால் அது ஈரத்தோடு வினைபுரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எடைபோட்ட அளவில் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பது தெரியாது. எந்த இடத்தில் அசைல் ஒட்டும் என்பதே அளவைப் பொறுத்த இந்தப் படியில், பழைய புட்டி முழு நாளையும் வீணாக்கும்.

பிரித்தெடுத்தல் பற்றியும் ஒரு வார்த்தை. கலவையைப் பிரிக்கும் கம்பத்தில் ஒரு கிராம் கலவைக்கு 30 முதல் 50 கிராம் சிலிக்கா நிரப்புவது வழக்கமான கணக்கு. முன்னதாகச் சிறு அளவில் சோதித்துப் பார்க்கும் டிஎல்சி தகட்டில் வேண்டிய புள்ளி கால் உயரத்தை ஒட்டி ஏறும்படி ஹெக்சேனையும் எத்தில் அசிட்டேட்டையும் கலக்க வேண்டும். ஆல்கலாய்டுகள் என்ற நைட்ரஜன் கொண்ட தாவரப் பொருள்கள் காரத்தன்மை உடையவை, சிலிக்காவோ அமிலத்தன்மை உடையது. ஆகவே அவை கம்பத்தில் ஒட்டிக்கொண்டு வால்போல நீளும். கரைப்பானில் ஒரு விழுக்காடு டிரைஎத்தில் அமீன் சேர்த்தால் சரியாகிவிடும். காலனோலைட் போன்ற கூமரின்களுக்கு இது தேவைப்படாது.

நித்தியகல்யாணி: முழுத்தொகுப்பு ஏன் தொழிற்சாலைக்குப் போவதில்லை

காலனோலைட் எளிய வகை. கடினமான வகைக்கு எடுத்துக்காட்டு வேலியோரத்தில் பூக்கும் நித்தியகல்யாணியில் இருக்கிறது. மலாய்க்காரர்கள் கெமுந்திங் சீனா என்று அழைக்கும் செடி. இதிலிருந்து வின்பிளாஸ்டினை 1950-களின் பிற்பகுதியில் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் தேடியது நீரிழிவு மருந்து, கிடைத்தது வெள்ளை அணுக்களைக் குறைக்கும் பொருள். அந்த விளைவுதான் அதை நிணநீர்ப் புற்றுநோய் போன்றவற்றின் சிகிச்சைக்குக் கொண்டுபோனது.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். பச்சை இலையில் ஐந்தில் நான்கு பங்கு நீர் என்று வைத்தால் இரண்டரை டன் இலை.

இந்த மூலக்கூறு இரண்டு பாதிகளால் ஆனது: கதராந்தின், விண்டோலின். செடியில் இவை இரண்டும் வின்பிளாஸ்டினைவிட மிக அதிகமாகவே கிடைக்கின்றன. அப்படியானால் இரண்டையும் எடுத்து ஒட்டிவிடலாமே என்று தோன்றும். இணைக்கும்போது ஒரு மையம் தவறான பக்கம் திரும்பிவிடுகிறது, அதுதான் தடை. 1970-களில் பிரான்சில் பியேர் போத்தியே குழுவினர் சரியான திசையில் இணைக்கும் வினையைக் கண்டுபிடித்தார்கள். அந்த வழியிலிருந்துதான் வினோரெல்பின் என்ற பகுதித்தொகுப்பு மருந்தும் வந்தது. பின்னர் அமெரிக்காவில் டேல் போகர் குழு, இரும்பு உப்பைக் கொண்டு இரண்டு பாதிகளையும் ஒரே குடுவையில் இணைத்து, கடைசி ஹைட்ராக்சிலையும் அங்கேயே சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. வின்பிளாஸ்டினும் அதன் தவறான வடிவமும் ஏறத்தாழ 2-க்கு 1 என்ற விகிதத்தில் கிடைக்கின்றன.

போகர் குழு விண்டோலினையும் முழுவதுமாகச் செய்தது. ஆனாலும் எந்தத் தொழிற்சாலையும் வின்பிளாஸ்டினை அடிப்படையிலிருந்து செய்வதில்லை. செடியே மலிவு. அப்படியானால் இத்தனை ஆண்டு உழைப்பு வீணா? இந்த இடத்தில்தான் துறைக்கு வெளியே இருப்பவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். முழுத்தொகுப்பின் பெரிய பயன் இயற்கை செய்ததை நகலெடுப்பதில் இல்லை. செடி ஒருபோதும் செய்யாத வடிவத்தைச் செய்து பார்க்கும் வழியை அது திறக்கிறது. அந்தக் கடைசி ஹைட்ராக்சில் இருந்த இடத்தில் யூரியா வகைத் தொகுதியை வைத்தபோது, வின்பிளாஸ்டினுக்கு அடங்காத புற்றுநோய்ச் செல்களும் அடங்கின, வீரியமும் பலமடங்கு கூடியது. இலையை அரைத்து இந்த இடத்துக்கு வர முடியாது.

கடல் பஞ்சிலிருந்து கிடைத்த ஹாலிகாண்ட்ரின் பி-யும் இதையே காட்டுகிறது. 1986-இல் அறியப்பட்டது, 1992-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் கிஷி குழு முழுத்தொகுப்பை முடித்தது. செய்யும் வழியில் கிடைத்த பாதி மூலக்கூறே வேலை செய்வது தெரிந்து, அதை எளிமைப்படுத்தி எரிபுலின் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்து 2010-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இந்த மருந்து முழுக்க முழுக்கத் தொகுப்பால்தான் செய்யப்படுகிறது.

மூன்றாவது பாதையும் இப்போது வளர்கிறது. 2022-இல் ஈஸ்ட்டுக்குள் செடியின் மரபணுக்களைப் புகுத்தி, சுமார் 30 நொதிப் படிகளைக் கடந்து விண்டோலினும் கதராந்தினும் செய்ய வைத்தார்கள். இரண்டையும் ஒட்டும் கடைசி வேலையை வேதியியல்தான் முடித்தது.

கண்டுபிடிப்பது இங்கே, கட்டுவது வேறெங்கோ

மலாயாப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை, தீபகற்பத்து மரங்களின் ஆல்கலாய்டுகளைப் பிரித்து அடையாளம் காண்பதில் உலக அளவில் பெயர் பெற்றது. காம் தோ செயோக் குழு கோப்சியா மரங்களிலிருந்து மெர்சிகார்பின் என்ற விந்தையான நான்கு வளைய மூலக்கூறை 2004-இல் அறிவித்தது. அதன் முதல் முழுத்தொகுப்பு 2008-இல் கனடாவில் நடந்தது, பிறகு 2010-இல் ஜப்பானில் ஃபுகுயாமா குழு ஒரே கைம்மை வடிவத்தில் செய்தது. நம் காட்டு மூலக்கூறுகள் பலவற்றுக்கும் இதே வரலாறுதான்.

இதில் குறை சொல்ல எவருமில்லை. அறிவியல் வெளிப்படையாக நடக்கிறது. ஆனால் புதிய வடிவங்களுக்கான உரிமையும், வினை கற்ற மாணவர்களும், தொழிலும் தொகுப்பு நடக்கும் இடத்திலேயே சேர்கின்றன. மரத்தின் மீதான உரிமைக்குச் சட்டம் உண்டு: சரவாக் 1997-இல் தன் பல்லுயிர் மையச் சட்டத்தைக் கொண்டுவந்தது, கூட்டரசின் 795-ஆம் சட்டம் 2017-இல் நிறைவேறி 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டங்கள் அனுமதியையும் பலன் பகிர்வையும் முறைப்படுத்துகின்றன. மூலக்கூறைக் கட்டும் திறமையை எந்தச் சட்டமும் தராது. அதற்குக் குளிர்விப்பான், ஆர்கான் குழாய், மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவியில் நேரம், நான்கைந்து ஆண்டு தடையில்லா நிதி ஆகியவை வேண்டும். எஸ்டிபிஎம் தேர்வில் கரிம வேதியியலை மனப்பாடமாக எழுதித் தேறிய நம் பிள்ளைகளில் பலர் இந்த வேலைக்கு ஏற்றவர்கள். அவர்களுக்கு இப்படி ஒரு துறை இருப்பதையே யாரும் சொல்வதில்லை.

அடுத்த செய்தி வரும்போது கேட்க வேண்டியவை

1. சோதனை எதில் நடந்தது? செல்லிலா, எலியிலா, மனிதரிலா? சோதனைக் குழாயில் செல்லைக் கொல்லும் பொருள்கள் ஏராளம்.

2. தூய மூலக்கூறா, சாறா? சாறு என்றால் எந்தப் பொருள் வேலை செய்தது என்றே இன்னும் தெரியவில்லை.

3. அமைப்பு உறுதியானதா? முழுத்தொகுப்பில் கிடைத்த பொருளின் என்எம்ஆர் வரைபடமும், ஒளியைத் திருப்பும் திசையும் இயற்கைப் பொருளோடு ஒத்துப்போனால் சந்தேகம் தீரும். ஹெக்சாசைக்ளினால் என்ற பூஞ்சைப் பொருளுக்கு முதலில் சொன்ன அமைப்பு தவறு என்பது, திருத்திய அமைப்பைத் தொகுத்துப் பார்த்த பிறகுதான் 2006-இல் தெளிவானது.

4. விற்பவர் யார்? புற்றுநோய், நீரிழிவு போன்ற நோய்களைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடை செய்கிறது. மருந்துப் பொட்டலத்தில் உள்ள மால் (MAL) பதிவு எண் டி (T) எழுத்தில் முடிந்தால் அது பாரம்பரியப் பொருள். பாதுகாப்பும் தரமும் பார்க்கப்பட்டன என்றுதான் அதற்குப் பொருள், நோயைத் தீர்க்கும் என்று நிரூபிக்கப்பட்டதாகாது.

5. எவ்வளவு, எந்த வழியில்? வின்பிளாஸ்டினைப் பெரியவர்களுக்கு உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 3.7 மில்லிகிராம் என்று வாரம் ஒருமுறை தொடங்குவார்கள். சராசரி உடலுக்கு 6 மில்லிகிராம். பிரித்தெடுக்கும் கணக்குப்படி அது மூன்று கிலோ காய்ந்த இலை. அந்த மூன்று கிலோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மற்ற ஆல்கலாய்டுகளும் சேர்ந்தே இருக்கின்றன, எது எவ்வளவு என்பது செடிக்குச் செடி மாறும். மருத்துவமனையில் தூய மருந்தை இரத்தக்குழாய் (சிரை) வழியாக ஏற்றி, ஒவ்வொரு முறைக்கும் முன் வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணிக்கை மிகவும் குறைந்திருந்தால் அந்த வாரம் ஊசி இல்லை. வேலியோரத்து இலையைக் காய்ச்சிக் குடிப்பவருக்கு அளவும் தெரியாது, அணுவையும் யாரும் எண்ணுவதில்லை.